ஏழு வாசல்படிகளும் கூன்மலையின் நிழலும்

ஓயாமல் பேசுகிறவர்களைக் கங்கையம்மாளுக்குப் பிடிக்காது. தலையில் ஒரு குடம் வெயிலைச் சுமந்துகொண்டு நிற்கிறவளுக்கு அடுத்தவன் கதையைக் கேட்கப் பொறுமை எங்கிருந்து வரும்? அவள் பொறுமையைச் சோதிக்கவென்றே பிறந்தவன் மாதிரி வாய்த்திருந்தான் ஏகநாதன்.

வெயிலைச் சுமப்பது என்றால் புதிதாகக் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். பம்மலுக்கும் பொழிச்சலூருக்கும் நடுவே, முதுகு வளைந்த கிழவன் குந்தியிருப்பது போல ஒரு மலை இருந்தது. கூன்மலை என்பார்கள். அதன் வயிற்றுக்குள் மலைக்குடியார் குடியிருந்தார்கள். பனைமர உயரம், பாறை உடம்பு, ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே நாம் ஒரு வேளைச் சமையலை முடித்துவிடலாம். அவர்களுக்குச் சோறு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், வெயில் மட்டும் வேண்டும். அதற்காக வெளியே வந்து காய்வார்களா என்றால் மாட்டார்கள். கையேந்தி வாசலுக்கு வருவது மலைக்குடிக்கு இழுக்கு. ஆள் கொண்டுவந்து ஊற்ற வேண்டும்.

அந்த ஆள் யார் என்பதற்கும் ஒரு வழக்கம் இருந்தது. தை முதல் நாள் மாலையில், குன்றத்தூர் மலைக்கு மேலே சூரியன் ஒரு பனை உயரத்தில் நிற்கும்போது, மலைக்குள்ளே சங்கு ஊதும். அந்த நேரத்தில் கூன்மலையின் நிழல் எந்த வாசல்படியைத் தொடுகிறதோ அந்த வீட்டார் அடுத்த தை வரை மலைக்குடிக்கு அடிமை. மலைக்குக் கிழக்கே ஒரே வரிசையில் ஏழு வீடு, ஏழு வாசல்படி. ஏழையும் நிழல் தொடும்; கூனின் நுனி நடுவீட்டுப் படியைத் தாண்டி விழும். அதுதான் கங்கையம்மாளின் வீடு.

தப்பிக்கப் பார்த்தவர்கள் உண்டு. படியைப் பெயர்த்து ஏரியில் போட்டவன் வீட்டில் மறுநாள் காலை படி பழைய இடத்திலேயே ஈரத்தோடு இருந்தது. பக்கத்து வீட்டில் இருந்த கங்கையம்மாளின் தம்பி அரிகிருஷ்ணன் பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறினான். மீனம்பாக்கம் வரை ஒன்றுமில்லை. பரங்கிமலையில் கால் கனத்தது. கிண்டியில் நாலு பேர் சேர்ந்தும் அவனை இருக்கையிலிருந்து அசைக்க முடியவில்லை. அதே வண்டி பீச் வரை போய்ப் பல்லாவரத்துக்கே திரும்பிவந்த பிறகுதான், இடுப்பு வரை மரத்துப்போய், ஆள் எழுந்து நின்றான். அன்றிலிருந்து ரயில் கூவினால் காதைப் பொத்திக்கொள்வான்.

வீட்டுக்கு ஒருவர் சுமக்க வேண்டும். விடியற்காலையில் கிழக்கே பார்த்துப் பித்தளைக் குடத்தின் வாயைப் பிடித்தால் வெயில் இறங்கும், குடம் கனக்கும். வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு, மலைச்சரிவில் உள்ள பாறை இடுக்கு வழியாக உள்ளே போய் ஊற்ற வேண்டும். வெளியாள் பார்த்தால் அது வெறும் தண்ணீர்க்குடம்தான். ஆனால் எத்தனை மடிப்புத் துணி கட்டினாலும் சுமக்கிறவர் கண்ணை அந்த வெயில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். கண் போனதும் அந்த வீட்டில் அடுத்தவர் குடத்தை எடுக்க வேண்டும். கங்கையம்மாள் இருபது வருடம் சுமந்துவிட்டாள். அவளுக்கு அடுத்து அந்த வீட்டில் இருந்தது ஒரே பெண், சரோஜினி.

ஏகநாதன் இந்தக் கணக்கு எதிலும் சேராதவன். அவன் கோணங்கிக் குடி, ஊரைச் சிரிக்கவைத்துப் பிழைக்கிறவன். கோணங்கிக்கு வீடு கிடையாது, வாசல்படி கிடையாது, ஆகவே நிழல் தொட ஒன்றும் கிடையாது. எவனோ கொடுத்த ரயில்வே கோட்டை மாட்டிக்கொண்டு தாம்பரம் பிளாட்பாரத்தில் படுப்பான். எந்த வீட்டிலும் உரிமையோடு சாப்பிடுவான், எந்தச் சபைக்குள்ளும் நுழைவான், மலைக்குள்ளேயும்தான். இத்தனை சலுகைக்கும் ஒரே ஒரு கட்டு. கோணங்கி பொய் சொன்னால் நாக்கு கல்லாகிவிடும். ஏகநாதனின் சித்தப்பா மாடம்பாக்கத்தில் யாரையோ காப்பாற்ற இரக்கப்பட்டு ஒரே ஒரு பொய் சொன்னார். அதற்குப் பிறகு பதினோரு வருடம், வாயைத் திறந்தால் கூழாங்கல் பல்லில் இடிக்கிற சத்தம்தான் வந்தது. கங்கையம்மாளே அதைக் கேட்டிருக்கிறாள்.

பொய் சொல்ல முடியாதவனுக்கு இத்தனை வாய் எதற்கு என்று அவள் நினைப்பாள். அதுவும் மலைக்குடியாரின் தலைவரான மலைமூப்பர் முன்னால் அவன் குழைகிற குழைவைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அறுபத்து மூன்றாம் வருடம் அது ஆரம்பித்தது. மலையின் மேற்குப் பக்கத்தில் ஒரு காண்டிராக்டர் கல் உடைக்க வந்தார். நண்பகலில் வெடி வைத்தார்கள். உள்ளே சபைக்கூடம் அதிர்ந்தது. மூப்பர் கண்ணைத் திறந்தார். கண்ணைத் திறக்கவே அவருக்குக் கால் மணி நேரம் ஆகும். கங்கையம்மாள் குடத்தோடு காத்து நின்றாள்.

"அது என்ன ஓசை?" என்றார் மூப்பர். அவர் குரல் காதில் கேட்காது, பாதத்தில் கேட்கும்.

"மலைக்கோசரம் அடிக்கிற வெடி மூப்பரே" என்றான் ஏகநாதன். "தெனிக்கும் உச்சி வேளைக்கு. மொதல்ல செவப்புக் கொடி ஏத்துவாங்க. அப்பால விசில் ஊதுவாங்க. ஒருத்தன் கிட்ட வர மாட்டான், நூறு பேரும் ஒதுங்கி நின்னுகினு இருப்பாங்க. அதுக்கப்புறம்தான் வெடிப்பாங்க."

எல்லாம் உண்மை. ஒரு சொல் பொய் இல்லை. மூப்பரின் முகத்தில் பாறை கொஞ்சம் நெகிழ்ந்தது. கொடி, ஊதல், அதிர்வெடி, ஒதுங்கி நிற்கும் கூட்டம். இதைவிட ஒரு மரியாதை மலைக்குடிக்கு எந்தக் காலத்தில் நடந்தது? ஆயிரம் வருடமாக ஊர் தன்னை மறந்துவிட்டது என்று அவருக்குள்ளே ஒரு குறை இருந்திருக்க வேண்டும். அன்று அது தீர்ந்தது.

"என் உடம்பில் கல் உதிர்கிறதே" என்றார் அடுத்த வருடம்.

"ஒரு கல்லைக்கூட உட்றதில்ல, லாரி வச்சி எடுத்துகினு போறாங்க. குரோம்பேட்டைல பாதி வூட்டுக்கு அஸ்திவாரம் இந்த மலைதான். உங்க மேலதான் சாமி ரூமே கட்றான்."

மூப்பர் சிரித்தார். அவர் சிரித்ததில் கங்கையம்மாளின் தலைக்குடம் தளும்பி, வெயில் அவள் தோளில் வழிந்து சுட்டது. காக்காய் பிடிக்கிறான் பார், பாவி, என்று அவள் பல்லைக் கடித்தாள்.

அறுபத்தேழில் ஒருநாள் மூப்பர் நேராகவே கேட்டார். "கூன் வரை ஏறி வந்துவிட்டார்களாமே. எடுக்க விட்டால் எனக்கு என்ன குறையும்?"

கங்கையம்மாள் ஏகநாதனைப் பார்த்தாள். அவன் முகத்தில் முதல் முறையாக விளையாட்டு இல்லை.

"ஒசரம் குறையும் மூப்பரே."

"அவ்வளவுதானா?"

"ஒசரம் குறைஞ்சா இன்னா இன்னா குறையுமோ அதெல்லாம் குறையும். நா மறைக்கல. ஒரு தபா வெளிய வந்து, தள்ளி நின்னு, உங்க மலையப் பாத்துட்டு சொல்லுங்க."

வெளியே வருவதாவது? மூப்பர் ஆயிரம் வருடத்தில் தன் மலையை வெளியிலிருந்து பார்த்ததே இல்லை. ஏழு வீட்டை அடிமை கொண்ட நிழல் அவருடையது, ஆனால் நிழல் எப்படி இருக்கும் என்றுகூட அவருக்குத் தெரியாது. இருட்டில் இருப்பவருக்கு நிழல் ஏது?

"உயரம் எனக்கு எதற்கு? நான் உள்ளே இருப்பவன்" என்றார் மூப்பர். "எடுத்துக்கொள்ளட்டும்."

அப்போதும் கங்கையம்மாளுக்கு விளங்கவில்லை. அடுத்த தை முதல் நாள் வாசலில் நின்றபோதுதான் விளங்கியது. வழக்கமாக நிழல் படியைத் தாண்டி வீட்டுக்குள் பாய் விரித்த மாதிரி விழும். அந்த வருடம் படியின் பாதியில் நின்றது. மஞ்சள் பூசிய படியில் பாதி கறுப்பு, பாதி வெயில். அவள் தலையைத் தூக்கி மங்கிய கண்ணால் மலையைப் பார்த்தாள். கூன் தேய்ந்திருந்தது. அவள் உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. மலையோடு மோதி ஜெயித்தவன் எவனும் இல்லை என்பார்கள். இவன் மோதவே இல்லையே. உண்மையை மட்டும் சொல்லிச் சொல்லி, மலையைக்கொண்டே மலையைக் கரைத்திருக்கிறான்.

அன்று சாப்பிட வந்தவனிடம் கேட்டாள். "தெரிஞ்சிதான் செஞ்சியா?"

"நா இன்னா செஞ்சேன்? கேட்டாரு, சொன்னேன்."

"எங்களுக்காகவா?"

அவன் இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "உன் வூட்ல எத்தினி வருசமா துன்றேன். ஒரு நாளாவது நீ திட்டாம சோறு போட்டது கீதா? ஆனா ஒரு நாளாவது போடாம இருந்ததும் இல்ல" என்றான். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. மோர் ஊற்றினாள்.

அறுபத்தொன்பதாம் வருடத்துத் தை வர ஒரு மாதம் இருந்தபோது கங்கையம்மாளுக்கு அடுப்பில் நெருப்பு எரிவதுகூடச் சரியாகத் தெரியவில்லை. மூப்பர் அதைக் கவனித்துவிட்டார். "தை முதல் நாள் நிழல் தொட்டதும் உன் மகள் குடம் எடுப்பாள்" என்றார். சரோஜினி தாம்பரத்தில் டைப்ரைட்டிங் படித்து, கிண்டியில் ஒரு கம்பெனிக்கு எழுதிப்போட்டு, வேலையும் வாங்கியிருந்தாள். தை நாலாம் தேதி சேர வேண்டும். ஆர்டரைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தாள். அம்மா ரயிலைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் எழுந்து போய்விடுவாள். கிண்டிக்குப் போகும் கால் அவளுக்கு இருக்குமா என்பது மலையின் கையில் இருந்தது. கங்கையம்மாள் இருபது வருடம் தனக்காக அழுததில்லை. அந்த மாதம் முழுக்கப் பெண்ணுக்காகப் பயந்து செத்தாள்.

போகிப் பண்டிகை அன்று அவளுக்குக் கடைசிச் சுமை. காலையில் தெருவெல்லாம் பழைய பாய் எரிந்த புகை. வெயில் குடத்தில் இறங்கவே வெகுநேரம் பிடித்தது. தட்டுத்தடுமாறி அவள் கூடத்துக்குள் போய்ச் சேர்ந்தபோது உச்சிவேளை ஆகிவிட்டது. மேலே விசில் ஊதுவது கேட்டது. மற்ற ஆறு வீட்டாரும் ஊற்றிவிட்டுப் போய்விட்டார்கள். ஏகநாதன் மட்டும் இடுக்கின் பக்கத்தில் நின்றிருந்தான்.

"கங்கக்கா, இன்னிக்கி கூன் மேலயே மருந்து வச்சிகிறாங்க. வெளிய வா" என்று அவன் கத்தியது அவள் காதில் விழுவதற்குள் வெடித்துவிட்டது.

கூடத்தின் கூரை பிளந்தது. அவள் குடத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். தலைக்கு மேலே ஏதோ கவிந்தது. மூப்பரின் கை. கால் மணி நேரம் எடுத்துக் கண் திறக்கிறவர், கண் இமைக்கும் நேரத்தில் கையை நீட்டியிருந்தார். வண்டிக் கூண்டு போல அது அவளை மூடிக்கொள்ள, பாறைகள் அதன் மேல் விழுந்து உருண்டன.

பிறகு, வெயில் வந்தது.

குடத்தில் வரவில்லை. பிளந்த வாய் வழியாகச் சாய்வாக, கொட்டகைத் தூண்கள் போல, மார்கழிக் கடைசி வெயில் முழுசாக உள்ளே இறங்கியது. இருபது வருடமாக ஒரு குட வெளிச்சத்தில் மட்டும் பார்த்த கூடத்தை, மங்கிய கண்ணுக்கும் எட்டுகிற அந்த வெளிச்சத்தில், கங்கையம்மாள் அன்றுதான் முழுதாகப் பார்த்தாள். சுவரோரம் வரிசையாக நூற்றுக்கணக்கில் மலைக்குடியார் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் பட்டதும் ஒவ்வொரு உடம்பிலும் பொன் நரம்பும் வெள்ளி நரம்பும் ஓடின. தோளில் பச்சை, நெற்றியில் சிவப்பு, கன்னத்தில் கண்ணாடிச் சில்லாக மின்னும் அப்பிரகம். யாரும் யார் முகத்தையும் அதுவரை முழுதாகக் கண்டதில்லை. ஒருவரை ஒருவர் பார்த்து, பாறை வாயைத் திறந்து, மூச்சு விடவும் மறந்து இருந்தார்கள். கங்கையம்மாளுக்குக் கும்பிட வேண்டும்போல இருந்தது. தன்னை அடிமை கொண்டவர்கள் இத்தனை அழகாக இருப்பார்கள் என்று யார் நினைத்தது? அவள் அழுதுவிட்டாள். அழ அழ அந்த வெளிச்சம் வெளுத்துக்கொண்டே போய், கடைசியில் எல்லாம் ஒரே வெள்ளை ஆகிவிட்டது. அவள் கண் அத்தோடு போயிற்று.

வெள்ளைக்குள் இருந்து மூப்பரின் குரல் பாதத்தில் ஏறியது. "இவ்வளவுமா வெளியே இருந்தது?"

"ஆமாங்க மூப்பரே" என்றாள் கங்கையம்மாள்.

"ஒரு குடம்தானே கொண்டுவந்தாய்."

"ஒரு குடம்தானே கேட்டீங்க."

அவள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு தரையில் விழுந்தாள். "இனிமே யாரும் சுமக்க வேணாமுங்க. வெயிலு தானா வந்துடுச்சி. எம் பொண்ண உட்ருங்க."

"வழக்கத்தை வைத்தது நானல்ல, நிழல்" என்றார் மூப்பர். குரலில் கோபம் இல்லை. "நாளை நிழல் தொட்டால் அவள் வருவாள். சுமக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் வருவாள்."

ஏகநாதன் அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தான். மேலே நின்று எட்டிப் பார்த்த குவாரி ஆட்களுக்கு ஒரு பள்ளமும் அதற்குள் பளபளக்கிற சில பாறைகளும்தான் தெரிந்தனவாம்.

மறுநாள் பொங்கல். ஏழு வீட்டு வாசலிலும் பானை ஏறியது, ஆனால் ஒரு வீட்டிலும் குலவைச் சத்தம் எழவில்லை. எல்லோருக்கும் கண் நடுவீட்டுப் படியில்தான். கூனின் நுனி அதைத் தொடாவிட்டால் ஏழையும் தொடாது. சாயங்காலம் கங்கையம்மாள் படிக்கு உள்பக்கம் உட்கார்ந்தாள். பக்கத்தில் சரோஜினி நின்றாள். அவள் வளையலை உருட்டிக்கொண்டே இருக்கிற சத்தம் கேட்டது.

"இன்னும் எவ்ளோ தூரம் கீது?" என்றாள் கங்கையம்மாள்.

"தூரம்தாம்மா இருக்கு" என்றாள் சரோஜினி.

பெண் தாயைத் தேற்றுவதற்காகச் சொல்வாள். தம்பி அரிகிருஷ்ணன் பக்கத்து வீட்டுத் திண்ணையில் நின்று "ஒண்ணும் ஆகாதுக்கா" என்றான். அவனும் அப்படித்தான் சொல்வான். கங்கையம்மாள் காற்றில் கையை நீட்டினாள். "ஏகநாதன் எங்க? அவனக் கூப்டு. அவன் வாயாலதான் நா கேக்கணும்."

கோட்டு உரசும் சத்தம் வந்தது. அவன் படியருகே குந்தினான். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. தூரத்தில் பல்லாவரம் பக்கம் ரயில் ஒன்று கூவிப் போயிற்று. அது அடங்கியதும் மலைக்குள்ளிருந்து சங்கு கிளம்பியது. முன்பெல்லாம் பாறைக்குள் அடைபட்டு முனகுகிற சங்கு, இன்று பிளந்த வாய் வழியாக வானம் முழுக்க ஒலித்தது. குரோம்பேட்டையில் இருந்தவர்கள்கூட என்ன சத்தம் என்று வெளியே வந்து பார்த்தார்களாம்.

சங்கு நின்றது.

"தொட்டுச்சா?" என்றாள் கங்கையம்மாள்.

"தொடல."

"எவ்ளோ?"

"ஒரு சாண்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவனிடமிருந்து சத்தமே இல்லை. தெருவில் யாரோ விம்மினார்கள். ஆனால் கங்கையம்மாளுக்கு உள்ளே குளிர்ந்துகொண்டு வந்தது. வாய் ஓயாதவன் ஏன் வாயை மூடிக்கொண்டான்? அவன் சித்தப்பாவும் இரக்கப்பட்டுத்தானே பொய் சொன்னார். குருட்டுப் பொம்பிளை கேட்கிறாளே என்று இவனும் சொல்லிவிட்டானா? பல்லில் கூழாங்கல் இடிக்கிறதா என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

"ஏகநாதா, பேசு."

பதில் இல்லை.

அவள் முன்னால் சாய்ந்து, துழாவி, அவன் முகத்தைப் பிடித்தாள். கன்னம் நனைந்திருந்தது. "பேசுடா பாவி. எதுனா பேசு."

ஒரு நீண்ட மூச்சு. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"இன்னா பேசச் சொல்ற" என்றான் ஏகநாதன். "ஆறு வருசமா வாயக் கட்டி வயித்தக் கட்டி ஒரு மலையக் கரைச்சிகிறேன். ரெண்டு நிமிசம் அழ உட மாட்டேன்றியே, இன்னா பேஜாரா போச்சி. பொங்கல்ல முந்திரி போட்டுகிறியா, இல்ல போன வருசம் மாதிரி ஏமாத்திட்டியா?"

கங்கையம்மாள் அவன் முகத்தை விடவில்லை. பக்கத்தில் சரோஜினியின் கால் படியைத் தாண்டி வெளியே இறங்குவதும், மண்ணில் இலேசாக நடப்பதும், பிறகு ஓடுவதும் கேட்டது. ஏழு வாசலிலும் குலவை எழுந்தது.

"போட்டுகிறேன்" என்றாள். "நீ பேசு. நிறுத்தாத."

அவன் விளக்கு வைக்கிற வரைக்கும் பேசினான். கங்கையம்மாள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.